காய்வதற்கு முன்

தண்டு: நாற்கோணம்.
கண்ணை மூடிக்கொண்டு உருட்டினாலும் தெரியும்,
உருளாது.
இரண்டு விரலுக்கு நடுவில்
நான்கு முறை தடுக்கும்.

இலைகள்: எதிரெதிர்.
ஒரு ஜோடி கிழக்கும் மேற்கும் பார்த்தால்
அடுத்த ஜோடி தெற்கும் வடக்கும்.
ஒன்றின் வெயிலை ஒன்று மறிக்காத ஏற்பாடு.
கூக்கால் சோலைக்குள் வெயிலே
பதினொன்றரைக்கு வந்து
பன்னிரண்டுக்குப் போய்விடுகிறது.
ஆனாலும் ஏற்பாடு ஏற்பாடுதான்.

அட்டை ஏறிய காலோடு குத்தவைத்து
இதுவரை எழுதிவிட்டேன்.
பூவின் நிறத்தில் பேனா நின்றது.

ஊதா என்றேன்.
கத்தரிப்பூ என்றார் ஸ்தனிஸ்லாஸ்,
ஜீப்பிலிருந்து இறங்காமலே.
வனக்காவலர் குழந்தைவேலு, பூம்பாறைக்காரர்,
குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.
"பூண்டு உரிக்கிறப்ப உள்தோல்ல
ஒரு நிறம் வருமே, அது."

அவர் சொன்னதுதான் சரி.
மலைப்பூண்டின் உள்தோலை
எந்த நிறப்பட்டியலில் தேடுவது?
வெளிர் ஊதா என்று எழுதி, அடித்து,
மறுபடி அதையே எழுதினேன்.

காய்ந்துவிட்டால் எல்லாம் டீத்தூள்.
அதனால்தான் அவசரம்.

மேலுதடு நிமிர்ந்தது.
கீழுதடு படகுபோல் குழிந்தது,
அதற்குள் மகரந்தத்தாள் நான்கு, படுத்த நிலையில்.
ஒரு பொடித் தேனீ இறங்கியதும்
படகு தாழ்ந்து, எழுந்து, ஆடியது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மணம்: துளசி இல்லை.
கற்பூரவல்லி இல்லை.
புதினா குடும்பப் பெயரோடு சரி.
கசக்கி முகர்ந்தால்
மழையில் நனைந்த தீப்பெட்டி.
நறுமணமுடையது என்று எழுதினேன்.
பொய்.

"பேரே இல்லியா இதுக்கு?"
இன்னும் இல்லை.
"மாடு தின்னாது. வாடை.
அதுக்கு மேல யாரும் கேக்கல."
பேர் வைத்தால் ஃபாரஸ்ட்டில் வேலி போட்டுவிடுவார்கள்
என்று சிரித்தார் ஸ்தனிஸ்லாஸ்.
குழந்தைவேலு சிரிக்கவில்லை.

இரவு, கொடைக்கானல் விடுதி அறை.
டேராடூனிலிருந்து கூரியரில் வந்த உறையைப் பிரித்தேன்.
இதன் சொந்தம் ஒன்று,
குமாவுன் காட்டில் தேவதாரு நிழலில்
நான் பிறப்பதற்கு ஆறு வருஷம் முன்னால் பறித்தது.
பாச்சா உருண்டை நெடி.
லென்ஸில் பார்த்தால்
அதன் புல்லிவட்டத்தில் ஐந்து பல்லும் சமம்.
இதற்குக் கீழிரண்டு நீளம்,
அரை மில்லிமீட்டர்.

நடுவில் இரண்டாயிரம் கிலோமீட்டர் சமவெளி,
கரும்பு, செங்கல் சூளை, கங்கை, ரயில்.
எப்போதோ குளிர் கீழே இறங்கிவந்த காலத்தில்
ஒன்றாக நடந்திருக்கலாம்.
வெயில் திரும்பியதும்
ஆளுக்கொரு மலை ஏறியிருக்கலாம்.
பிரிந்தபிறகு வளர்த்துக்கொண்டது
இந்த அரை மில்லிமீட்டர் மனஸ்தாபம்.
"இருக்கலாம்" எல்லாவற்றையும்
கட்டுரையிலிருந்து வெட்டிவிடுவார்கள்.

விதை நான்கு என்கிறது குடும்ப இலக்கணம்.
ஊசியால் பிரித்து எண்ணினேன். மூன்று.
இன்னொன்றில் மூன்று.
அடுத்ததில் நான்கு, ஒன்று வெறும் உமி.
நான்கு, ஒன்று பெரும்பாலும் வெறுமை
என்று எழுதியபோது
வெளியே தகரத்தில் மழை ஆரம்பித்திருந்தது.
செடியை ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் விரித்து,
வேர் மடக்கி, இலையொன்றைப் புறம் திருப்பி,
பெல்ட்டை இறுக்கினேன்.

காலையில் தாள் மாற்றத் திறந்தேன்.
நினைத்ததுபோலவே பூ டீத்தூளாகியிருந்தது.
ஆனால் வரன் தேடும் பக்கத்தில்,
"மணமகன் தேவை"க்குக் கீழே,
ஜாதகம், நட்சத்திரம், சம்பளத்தின் மேல்
நகக்கண் அளவுக்கு ஒரு கறை.
பூண்டின் உள்தோல்.
அதேதான், துளியும் மாறாமல்.

கத்தரிக்கோலால் அந்த இடத்தை மட்டும்
வெட்டி எடுத்துவிட்டேன்.
எந்தக் கட்டத்தில் ஒட்டுவது என்று தெரியாமல்
கையிலேயே வைத்திருக்கிறேன்.
கீழே ஜீப் ஹாரன் அடிக்கிறது.