கடைசி மூன்று கிலோமீட்டர்

பதூமியில் மழைக்கு விடுமுறை கிடையாது.
மழை விட்டால் புழுக்கம்,
புழுக்கம் முற்றினால் மழை.
நடுவில் என் டாக்ஸி.
ஜப்பானில் யாரோ ஓட்டிச் சலித்துக்
கப்பலேற்றிய வண்டி,
ஸ்டியரிங் இன்னும் வலப்பக்கம்தான்.
சாவியைத் திருப்பியதும் ஒரு பெண்குரல்
என்னவோ சொல்லும்.
ஐந்து வருடமாக நானும்
"சரிடி, சரி" என்கிறேன் ஜார்ஜிய மொழியில்.

இந்த ஜூனில் ஆரம்பித்தது நாற்றம்.
ஏசியைத் தட்டிய முதல் நிமிடம்
துவைத்த காலுறையைக் காயப்போட மறந்த
வீட்டின் மூச்சு.
அப்புறம் குளிர் வந்து மூடிவிடும்,
வாசலில் விருந்தாளி குரல் கேட்டதும்
அழுக்குத் துணியைக் கட்டிலுக்கடியில்
காலால் தள்ளுவோமே, அப்படி.

ஏறுகிறவர்கள் எதுவும் சொல்வதில்லை.
கண்ணாடியை இறக்குவார்கள்,
இரண்டு விரல் அளவு,
மரியாதையாக.
சிவப்புக் குடை வைத்திருந்த ஒருத்திதான் கேட்டாள்:
"அக்கா, டிக்கியில் மீன் இருக்கிறதா?"

பைன் மர வடிவில் வாசனை அட்டை தொங்கவிட்டேன்.
நனைந்த நாயொன்று
பைன் காட்டுக்குள் போன மாதிரி ஆயிற்று.
ஒரு கிண்ணம் காப்பிக்கொட்டை வைத்தேன்.
மலைவளைவில் கவிழ்ந்தது,
இன்றைக்கும் பிரேக் போட்டால்
சீட்டுக்கடியில் உருளும்.
கொழுந்தன் ஸாஸா பேச்சைக் கேட்டுக்
காற்றுத் துளைகளில்
திராட்சைச் சாராயம் தெளித்தேன்.
அன்று போலீஸ்காரர் என்னை
மூன்று முறை ஊதச் சொன்னார்.

துறைமுகத்துக்குப் பின்னால் தேமுரியின் பட்டறை.
முகர்ந்தான். பேசவில்லை.
டாஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி
என் ரசீதுகளை, சீப்பை, பாதி பிஸ்கட்டைத்
தரையில் வைத்துவிட்டு
உள்ளிருந்து ஒன்றை உருவினான்.
"இது வெள்ளையாகப் பிறந்தது, லாமாரா."

கரிய மடிப்புகள்.
பஞ்சு, முடி, இரண்டு தேனீ.
ஒரு மடிப்புக்குள்
விசிறி வடிவில் மஞ்சள் இலை.
எங்கள் தெருவில் அந்த மரம் இல்லை.
முன்னால் ஓட்டியவர் எங்கோ நிழல் தேடி நிறுத்திய
ஒரு இலையுதிர்காலத்தை
ஐந்து வருடம் முகர்ந்திருக்கிறேன்.
இப்படியொரு ஃபில்டர் இருப்பதே தெரியாமல்.
எடுத்து வைக்கலாம் என்று தொட்டேன்.
பொடிந்துவிட்டது.

பிறகு வண்டிக்கடியில் படுத்து
அடைத்த குழாயில் கம்பியை விட்டான்.
கொட்டியது தண்ணீர்,
காய்ச்சிய தேயிலை நிறத்தில்,
அவன் சட்டைக் கைவழியே அக்குள்வரை.
அவன் திட்டியதை இங்கே எழுதமுடியாது.
என் கால்மாட்டில் ஒரு குட்டையை வைத்துக்கொண்டு
ஊர் முழுக்கச் சவாரி போயிருக்கிறேன்.
நுரை அடித்தான், காத்திருந்தோம்,
நுரை கருத்து இறங்கியது.

"வாசனை போடாதே. காயவிடு.
போய்ச்சேர மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது
குளிரை அணை, விசிறி மட்டும் ஓடட்டும்.
ஈரத்தோடு தூங்கினால்
இரும்புக்கும் பூஞ்சை பிடிக்கும்."
நாற்பது லாரி. சட்டைக்கு ஐந்து தனி.

இப்போது நாற்றமில்லை.
யாரும் பாராட்டவில்லை;
இல்லாததை யார் பாராட்டுவார்?
ஒருவர் மட்டும் போனில் எழுதியிருந்தார்:
"கடைசியில் வியர்த்தது. மூன்று நட்சத்திரம்."
இருக்கட்டும்.
நாற்றம் போனபின்தான் தெரிகிறது,
என் விரல்களில் எவ்வளவு சிகரெட்.

நேற்று சந்தை வாசலில் சிவப்புக் குடை.
அதே பெண். கையில் பை,
பையிலிருந்து சொட்டுகிறது.
என்னை அடையாளம் தெரியவில்லை.
"பார்பூன்யா மீன், இரண்டு கிலோ.
மணக்குமோ, அக்கா?"
"அதெல்லாம் இல்லை" என்றேன்.
ஜப்பான்காரியும் என்னவோ சொன்னாள்.
கண்ணாடியை இறக்கினேன்,
இரண்டு விரல் அளவு,
மரியாதையாக.