திருத்தக் கோடு

ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம்.
அதற்குமேல் ஒரு சாண்கூட எங்களுடையதில்லை.
முப்பத்தாறு கட்டங்கள்.
பதினாறாவது பள்ளிக்கூடத்துக்கு என்று
இந்தப் பக்கமே வராத யாரோ எழுதிவைத்தார்கள்.
இப்போது அதில் சோயா.

பத்தொன்பது வருடமாக ஆர்லிஸ் டவுன்ஷிப்புக்கு
கிரேடர் ஓட்டுகிறேன்.
சரளையைச் சுரண்டி நடுவுக்குத் தள்ளுவேன்.
லாரிகள் அதை மறுபடி ஓரத்துக்குத் தள்ளும்.
எங்களுக்குள் சண்டை ஒன்றுமில்லை.

1838இல் சங்கிலியோடு வந்தவர் பெயர் லெமுவல் ஸ்டாக்டேல்.
அவர் குறிப்பேட்டின் நகல் எங்கள் கூடத்து அலமாரியில்,
எலிப்பொறிக்குப் பக்கத்தில்.
“நிலம் தட்டை. ஈரம். மூன்றாம் தரம்.
உழவுக்கு ஆகாது.”
மூலையில் ஒரு ஓக்: பதினான்கு அங்குலம், சாட்சி மரம்.
நாற்பத்தோராவது சங்கிலியில்
ஓர் ஒற்றையடித் தடம் குறுக்கிடுகிறது,
தென்மேற்காக.

அந்தத் தடத்தில்தான் அதே இலையுதிர்காலம்
போட்டவாட்டமி மக்களைத்
துப்பாக்கி முனையில் நடத்திப் போனார்கள்.
குறிப்பேட்டில் அது இல்லை.
ஸ்டாக்டேல் அதற்குள் கூலி வாங்கிக் கிளம்பியிருந்தார்.
சாட்சி மரத்தை யாரும் விசாரிக்கவில்லை.

பிறகு ஜெர்மன்காரர்கள் வந்து,
குளிர்காய்ச்சலில் பாதிப் பேரைப் புதைத்து,
மீதிப் பேர் மண்ணைச் சுட்டுக் குழாயாக்கி
சதுப்பின் அடியில் பதித்தார்கள்.
ஏரி ஒன்று இருபது வருடத்தில் சோளமானது.
வாத்துக்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.
மார்ச் மாதம் இருபத்திரண்டாம் கட்டத்தின்மேல்
சுற்றிச் சுற்றி வருகின்றன,
கதவு எண்ணைத் தேடுகிற மாதிரி.

ரயில் நான்கு மைல் தள்ளிப் போனதும்
ஊரும் அதன் பின்னால் போனது.
பனியில் சறுக்குக் கட்டைமேல் ஏற்றி
பதினோரு வீடு, ஒரு மளிகைக் கடை, கடைசியில் தேவாலயம்.
பாதி வழியில் பனி உருகியது.
எருதுகளை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.
தேவாலயம் அங்கேயே நிற்கிறது, வயல் நடுவில்,
சற்றே கிழக்கே சாய்ந்து.
ஞாயிறன்று ஒன்பது கார்கள்.
ரயில் ஐம்பத்தெட்டில் நின்றுபோனது.

இப்போது வளைவைப் பற்றி.

வடக்கே போகப் போகக் கோடுகள் நெருங்கும்.
பூமி உருண்டை; சங்கிலி அதை ஒப்புக்கொள்ளாது.
ஆகவே சில மைலுக்கு ஒருமுறை
பிழையைக் கூட்டி ஒரே இடத்தில் கொட்டுவார்கள்.
எங்களுக்குக் கொட்டியது எண்பத்தாறு அடி.
நேராக வரும் சாலை திடீரென வலப்பக்கம் ஒடிந்து
மறுபடி நேராகும்.
பழக்கமில்லாதவன் சோளத்துக்குள் போவான்.
பழகியவனும் போவான், மூடுபனி இரவில்.
டெலோரஸ் க்ரைனரின் மகன் டேரல்
இந்தச் சாலையிலேயே ஓட்டக் கற்றவன்.

போன செவ்வாய் கூட்டத்தில் தீர்மானம் வந்தது:
வளைவை நேராக்குவது.
பணத்தில் பாதியைக் கவுண்டி தரும்.
ஹூபர்ட் வில்கி ஆம் என்றார்.
கார்ல் ஓஸ்டிக் வேண்டாம் என்றார், நிலம் அவருடையது.
மூன்றாவது வாக்கு டெலோரஸுடையது.
காபிக் கோப்பையை இரண்டு முறை திருப்பி வைத்தாள்.
வேண்டாம் என்றாள்.

யாரும் காரணம் கேட்கவில்லை.
அடுத்தது கல்லறைப் புல் வெட்டும் செலவு.

இன்று காலை அந்த இடத்தில்
வழக்கம்போலத் தகட்டைத் தூக்கினேன்.
பள்ளத்தோரம் வெள்ளைச் சிலுவை, அதற்குப் புது வண்ணம்,
அதைச் சுற்றி யாரோ என் சரளையைத்தான்
அள்ளிக் கொட்டியிருந்தார்கள்.
இரண்டு வாளி இருக்கும்.
கணக்கில் எழுதவில்லை.