கையிருப்பு

செவ்வாய் மாலை. ஈசூன், புளோக் 417, கீழ்த்தளம்.
பாசிர் பாஞ்சாங்கில் விற்காமல் தங்கியதை
லியோங்கின் வேன் இறக்கிவிட்டுப் போயிருக்கிறது:
காங்கோங் எண்பத்து நான்கு கட்டு,
நசுங்கிய தக்காளி இரண்டு பெட்டி,
யாரும் கேட்காத முள்ளங்கி.

ஆறு முதல் எட்டு வரை.
எத்தனை பேர் வருவார்கள் என்பது
அறிவிப்புப் பலகையில் இல்லை.

பகலில் நான் கணக்கு எழுதுகிறவள்.
எண்பத்து நான்கை இருபத்தெட்டால் வகுக்க
விரல்கூடத் தேவையில்லை.
வகுக்க ஓர் எண் வேண்டும், அவ்வளவுதான்.
அந்த எண் இப்போது
துவாஸிலிருந்து வரும் பேருந்தில்
நின்றபடியே தூங்கிக்கொண்டிருக்கிறது.

முதல் மாதம் கேட்டவர்க்குக் கேட்டபடி.
ஆறே முக்காலுக்குப் பெட்டி காலி.
ஏழு ஐம்பதுக்கு, பாதுகாப்புக் காலணியோடு வந்த ஐயம்பெருமாள்
"பரவால்லக்கா" என்று
மேசையை மடக்க ஒரு கை கொடுத்தார்.
அந்தக் கை
இன்னும் என்னை விடவில்லை.

அடுத்து, ஆளுக்கு ஒன்றுதான் என்று கல்லாக நின்றேன்.
அன்று பார்த்து மழை. பாதிப்பேர் வரவில்லை.
முப்பத்தொரு கட்டு என் குளியலறை வாளியில்
இரண்டு நாள் பச்சையாய் இருந்து
மூன்றாம் நாள் நாறியது.
ஐந்து பிள்ளைக்காரி ரொஹானாவை
ஒற்றைக் கட்டோடு அனுப்பியிருந்தேன்.

சீட்டுக் குலுக்கலாம் என்றார் லியோங்.
சம்பளச் சீட்டைக் கேள் என்றாள் திலகா.
கீரைக்குச் சம்பளச் சீட்டு கேட்க
எனக்கு நாக்கு எழவில்லை.

வரிசைதான் நியாயம் என்பார்கள்.
இங்கே மூன்று மணிக்கே வரிசை நிற்கிறது:
ஒரு டிஷ்யூ பொட்டலம், ஒரு குடை,
ஒற்றைச் செருப்பு, மறுபடி டிஷ்யூ.
பசிக்காத வரிசை. கால் வலிக்காத வரிசை.
வைத்தவர்கள் மாடியில், மின்விசிறிக்குக் கீழே.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்கிறது பழமொழி.
பந்திக்குப் பிந்தியவர்
அதுவரை எந்தப் படையில் நின்றார் என்று
அது கேட்பதில்லை.

கொடுக்கும் ஒவ்வொரு முறையும் இதே பிடுங்கல்:
இவர் கேட்கும் இரண்டாவது கட்டு
இன்னும் முகமில்லாத ஒருவரின் முதலாவது.

ஆகவே இன்று ஒன்று செய்தேன். சொல்ல வெட்கம்.
ஒன்பது கட்டை மேசைக்கடியில் தள்ளி
சாக்கால் மூடிவிட்டு
ஏழேகாலுக்கு "முடிஞ்சிருச்சு" என்றேன்.

வராதவர்களுக்காக
வந்தவர்களிடம் பொய்.

கோ ஆண்ட்டி தள்ளுவண்டியைத் திருப்பினார்.
அவருக்குப் பின்னால் ஒரு சிறுமி,
பள்ளிச் சீருடை, ஒன்பதோ பத்தோ வயது,
அவிழ்ந்த காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தாள்.

அந்த உயரத்தில்
சாக்கு எதையும் மறைக்கவில்லை.

எழுந்தாள். என்னைப் பார்த்தாள்.
எண்ணியிருப்பாள் என்றே நினைக்கிறேன்,
பிள்ளைகள் எண்ணுவார்கள்.
காலிப் பையை நாலாய் மடித்துக்கொண்டு
ஒன்றும் சொல்லாமல் போனாள்.

அதன் பிறகு வந்தார்கள்:
ஐயம்பெருமாள், அவருடன் வாடகை பகிரும் இருவர்,
மருத்துவமனைச் சீருடை கலையாத ஒரு பெண்,
உணவு விநியோகப் பெட்டியை முதுகில் சுமந்த பையன்,
பெயர் சொல்லாத தம்பதி.
ஏழு பேர். ஏழு கட்டு.
சரியாகத்தான் ஒதுக்கியிருக்கிறேன் என்று
ஒரு நொடி நெஞ்சு நிமிர்ந்தது.

எட்டு ஐந்து.
சாக்குக்கு அடியில் இரண்டு.

பேரேட்டில் எழுதினால் மீதம் இரண்டு,
கோட்டுக்குக் கீழே ஓர் எண்.
கையில் எடுத்தால் ஈரம் சொட்டுகிறது.
கோ ஆண்ட்டி ஆறாவது மாடி, தெரியும்.
அந்தப் பிள்ளை எந்த மாடி,
இந்த புளோக்தானா,
பெயராவது என்ன?

மின்தூக்கி திறந்து நிற்கிறது.
பதினான்கு பொத்தான்கள்.
எல்லாம் ஒரே அளவு, ஒரே வெளிச்சம்.
ஆறை அழுத்திவிட்டேன்.
அடுத்ததற்கு என் விரல்
வரிசையில் கடைசி ஆளாய்
காத்திருக்கிறது.