இரைச்சல் என்றொரு கட்டம்

முதலில் கதவை அளந்தோம்.
விசுவமடுவில் எங்கள் பட்டறை முந்தி உரக்களஞ்சியம்.
ஆறடி ஒன்பது அங்குலம்.
பெரிய மெசின் என்றால் சுவரை உடைக்க வேண்டும்.
சுவர்க்காரர் நோர்வேயில்,
தொலைபேசி எடுப்பதில்லை.

பிறகு கரண்ட்.
பின்னேரம் ஆறு மணிக்கு
ஊர் முழுக்க மோட்டரைப் போட்டு
மிளகாய்க்கு இறைக்கிற நேரம்
நானூறு வோல்ட் முந்நூற்று அறுபதுக்குக் குனியும்.
றஜிந்தன் பதினொரு நாள் இருந்து எழுதினான்,
பழைய சிட்டைக் கொப்பியின் பின்பக்கத்தில்.

தரையை அளக்க எங்களிடம் ஒன்றுமில்லை.
தம்ளரில் தண்ணீர் வைத்துவிட்டு
பரந்தன் வீதியால் மணல் டிப்பர் வரும்வரை பார்த்திருந்தோம்.
தண்ணீர் வளையம் போட்டது.
"ஆறங்குலக் கொங்கிறீற், அக்கா,"
என்று தம்ளரை எடுத்துக் குடித்தான்.

வேலை சைக்கிள் பிரேக் பிடி.
பியகமவில் கேட்கிறார்கள், மாதம் நாலாயிரம்.
அலுமினியம் இளகின சாமான்.
மெல்லப் போனால் கத்தியில் அப்பிக்கொள்ளும்,
பாணில் பூசாமல் விட்ட பட்டர் மாதிரி.
இரும்பைக் கடித்த பலம் அதற்குத் தேவையில்லை.
நுனியால் தொட்டு, உடனே விலகி,
மறுபடி தொட வேண்டும்.

தாய்வான் பழையது ஆறு தொன்.
விலை பாதி. ஒரு பிடிக்குப் பதினொரு நிமிசம்.
நாலாயிரத்துக்குப் பெருக்கினேன்:
எழுநூற்று முப்பத்துமூன்று மணித்தியாலம்.
முப்பது நாள் மாதத்தில்
அவ்வளவு மணித்தியாலம் இல்லை.

சின்னது ரெண்டு தொன்.
அலுமாரி போலக் கதவுக்குள்ளால் நுழையும்.
நாலு நிமிசம் பத்துச் செக்கன்.
சுற்று, நிமிசத்துக்கு இருபத்துநாலாயிரம்.
கத்தி மாற்றுவதைக் கண் பிடிக்கவில்லை;
இமைத்துவிட்டேன், மாறியிருந்தது.

இரத்மலானையில் வெட்டிக் காட்டினார்கள்.
திலங்க கண்ணாடிக் கதவைச் சாத்தினான்.
பால்நிறத் தண்ணீர் அடித்தது.
எட்டாயிரம். பன்னிரண்டாயிரம்.
பதினெட்டில் காற்றாடி போல.
இருபத்துநாலில்

வண்டு.

இறங்காது, போகாது,
தரப்பாளுக்கு மேலே ஒரே இடத்தில்
இரவு முழுக்க நின்றதே, அது.
அது நின்றால் அடுப்பை அணைப்போம்.
அரைவேக்காட்டு அரிசியை
விடியும்வரை மூடி வைத்திருப்போம்.
என் கை அங்கே எதையோ அணைக்கத் தேடி
மேசையில் கிடந்த விலைப்பட்டியலைப் பிடித்தது.

றஜிந்தனுக்கு அப்போது ஒன்றரை வயது.
"சத்தம் சின்னன்தானே அக்கா" என்றான்.
ஓம், சின்னன்தான்.

"பதினெட்டில் ஓட்டலாமோ?"
"ஓட்டலாம் மிஸ். ஆனா பினிஷ் வராது."
ஓட்டிக் காட்டினான்.
நகத்தால் கீறினது போல வரி.
ஐந்து நிமிசம் நாற்பது.
மனதுக்குள் மறுபடி பெருக்கினேன்:
இருபத்தாறு வேலை நாள்,
நாளுக்குப் பதினாலரை மணித்தியாலம்.
அதாவது இரவு ஒன்பதரை வரை.
பட்டறைக்குப் பக்கத்து வளவில்
கோணேசலிங்கம் குடும்பம்.
அவர்கள் வீட்டில் இன்றைக்கும்
பொழுதுபட்டால் வானொலி கூடப் போடுவதில்லை.

இருபத்துநாலாயிரத்திலே என்றால்
நாளுக்குப் பத்தே முக்கால்.
காலை ஏழுக்குத் தொடங்கினால்
ஆறுக்குள் முடியும்.

வெட்டின பிடியைக் கையில் தந்தார்கள்.
இளஞ்சூடு.
முகம் பார்க்கலாம் போல மினுக்கம்.
இரண்டு விரலால் அமத்திப் பார்த்தேன்.
எங்கோ பனிநாட்டில் ஒரு பிள்ளை
சந்தியில் இப்படித்தான் நிற்கும்.

லீசிங் படிவம் எட்டுப் பக்கம்.
ஆறாம் பக்கத்தில் ஒரு கட்டம்:
இரைச்சல், எழுபத்திரண்டு டெசிபல்,
ஆட்சேபனை உண்டா?
இல்லை என்று எழுதினேன்.

கீழே, வேலை நேரம் கேட்ட இடத்தில்:
பின்னேரம் ஆறுக்குப் பிறகு ஓட்டுவதில்லை.
காரணம்?
வோல்ட்டேஜ் காணாது.