நாற்பத்து மூன்றாம் செடி

இரண்டு குளிர்காலத்துக்கு முன் வந்த காய்ச்சல்
போகும்போது என் மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது.
அதற்குப் பிறகு தக்காளி தின்றால்
இனிப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது,
தக்காளி தெரிவதில்லை.

பிளோவ்திவுக்குத் தெற்கே என் பிளாஸ்டிக் கூடாரம்.
உள்ளே அறுபத்தெட்டுச் செடிகள்.
ஒரே தாய், ஒரே தகப்பன், மூன்றாம் தலைமுறை.
கூடப் பிறந்ததுகள் ஒரு சொல்லுக்கு நிற்பதில்லை.
ஒன்றுக்குத் தோல் தடிப்பு,
ஒன்று காய்த்துக் குலுங்கிவிட்டு
வாய்க்குள் ஈரப் பஞ்சாக உட்கார்ந்துகொள்ளும்.

சர்க்கரைமானியில் ஒரு சொட்டு விட்டு
வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்க்கிறேன்.
ஏழு. ஆறரை. எட்டு.
எண் பொய் சொல்லாது,
கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லாது.
எட்டு காட்டியது பதினொன்றாம் செடி.
பேருந்து ஓட்டும் ஸ்பிரிதோன் அதை மென்றுவிட்டு
"ஜாம் போடலாம்" என்றார்.
வசவுதான் அது.

ஆகஸ்ட் ஞாயிறு, வால்நட் மரத்தடியில் மேசை.
வாய்களைக் கடன் வாங்கியிருக்கிறேன்:
ஸ்பிரிதோன், மருந்துக்கடை ருமியானா,
தக்காளியே பிடிக்காத அவள் மகன் லியுபென்
(எனக்கு அவன்தான் முக்கியம்),
விதைக் கம்பெனியிலிருந்து அன்று காலைதான் வந்திறங்கிய
டச்சுக்காரர் ஹார்மென்.
உப்பு கிடையாது. ஃபிரிட்ஜில் வைத்த பழம் கிடையாது.
இரண்டு துண்டுக்கு நடுவே ரொட்டி, தண்ணீர்.
பன்னிரண்டுக்கு மேல் நாக்கு எதற்கும் ஆமாம் போடும்,
அங்கே நிறுத்திவிட வேண்டும்.

மதிப்பெண் தாள் கொடுத்தேன். நான் அதை நம்புவதில்லை.
ருமியானா எல்லாவற்றுக்கும் ஏழு போடுவாள்,
விருந்தாளி மரியாதை.
நான் கைகளைப் பார்க்கிறேன்:
எந்தத் தட்டுக்கு விரல் இரண்டாம் முறை போகிறது,
எங்கே பேச்சு பாதியில் நிற்கிறது,
யார் தட்டைச் சாய்த்து
அடியில் தேங்கிய சாற்றை
யாரும் பார்க்கவில்லை என்று குடிக்கிறார்.

நாற்பத்து மூன்று வந்தது.
ரோஜா நிறம். தோளெல்லாம் வெடிப்பு.
நகம் பட்டால் கிழியும் தோல். செடிக்கு ஒன்பதே காய்.

மேசையில் சத்தம் இல்லை, ஒரு குளவியைத் தவிர.
பிறகு ருமியானா தலையை
இடமும் வலமும் ஆட்டினாள், மெதுவாக.
ஸ்பிரிதோன் ஆட்டினார்.
வாய் நிறைய வைத்துக்கொண்டு லியுபெனும்.
ஹார்மென் மூவரையும் பார்த்தார்.
பேனாவை எடுத்தார்.
நாற்பத்து மூன்றின் மேல் ஒரு கோடு.

எங்கள் நாட்டில் அப்படி ஆட்டினால்
ஆமாம் என்று அர்த்தம்.

சொல்லியிருக்கலாம். வாயைக்கூடத் திறந்தேன்.
கூடாரக் கூரைக்கு இன்னும் கடன் பாக்கி.
ஆனால் கம்பெனி இதை வாங்கினால்
முதலில் தோலுக்குத்தான் வைத்தியம் பார்க்கும்,
லாரியில் ஆயிரம் மைல் உருளட்டும் என்று.
நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே
கோடு போட்ட கை
மறுபடியும் அந்தத் தட்டுக்குப் போனது.
அது அவருக்குத் தெரிந்ததா என்பது எனக்குத் தெரியாது.

அவர் பதினொன்றை எடுத்துக்கொண்டு போனார்.

விதையை வழித்துத் தம்ளரில் போட்டு வைத்தேன்.
மூன்றாம் நாள் மேலே வெண்ணுரை.
ரொட்டி வாங்கப் போகும் வழியில் எட்டிப் பார்த்த லியுபென்
"நாறுது" என்று மூக்கைப் பொத்தினான்.
"எப்படி நாறுது, சொல்."
கையை எடுத்து, ஒரு தரம் இழுத்து,
"மழையில் நனைந்த நாய். அப்புறம்
அடியில் எங்கேயோ, அன்றைக்குத் தின்றது" என்றான்.

கழுவிக் காயவைத்து உறையில் போட்டேன்.
உறை மேல் எழுதினேன்:
43. வெடிக்கும். கொஞ்சமாகக் காய்க்கும்.
அடுத்த வருஷம் இதன் பிள்ளைகளும்
ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்.
சுவை என்ற இடத்தில்
நெடுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன்.
பையன் நாலு துண்டு தின்றான்,
என்று எழுதி ஒட்டினேன்.