இருபதுக்கு ஒன்பது

அஸ்தம்பட்டியில் ஜெராக்ஸ் கடைக்கும் முட்டைக் கடைக்கும் நடுவே
இதாயத்துல்லாவின் மேசை.
கண்ணாடிக்கு அடியில் பழைய ரசீதுகள்,
எப்போதோ நசுங்கிய ஒரு கொசு.

"ஓட்டுற ஓனருக்கு விபத்துக் காப்பீடு. கட்டாயந்தான்.
ஆனா வழி இருக்கு.
வேற பாலிசி ஏற்கெனவே இருக்குன்னு ஒரு கையெழுத்துப் போட்டா
இந்த வரிய அடிச்சிரலாம்.
மூணு லிட்டர் டீசல் காசு மிச்சம்."
பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார்.

எனக்கு வேறு பாலிசி இல்லை.
அது இதாயத்துல்லாவுக்கும் தெரியும்.

தாளின் பின்பக்கம் ஓர் உடம்பைப்
பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள்.
இரண்டு கண்ணும் போனால் முழுத்தொகை.
இரண்டு கை போனாலும் அதே.
ஒரு கை என்றால் பாதி.
எந்தக் கை என்று போடவில்லை.
ஸ்டியரிங் பிடிக்கிற வலதா
கியர் தள்ளுகிற இடதா?
மிளகு மூட்டையோடு ஏற்காட்டு ரோட்டில்
ஒற்றைக் கையால் ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு
எழுதியிருக்கலாம் இந்தப் பாதியை.

"வண்டிக்கு ஒண்ணு ஆனா பைனான்ஸ்காரனுக்குப் போயிரும்.
உங்களுக்கு ஒண்ணு ஆனா?"
நாமினி என்று ஒரு கட்டம்.
பெயர், வயது, உறவு.
ஓசூரில் இருக்கிறவனை எழுதலாம்.
வக்கீல் பீஸ் கட்ட முடியாமல்
இன்னும் புருஷனாகவே இருக்கிறான் காகிதத்தில்.
தங்கச்சியை எழுதலாம்.
வாங்கியதைத் திருப்பித் தரும் பழக்கம் அவளுக்கு இல்லை.
செத்தபின் கேட்கிற பழக்கம் எனக்கும் வரப்போவதில்லை.

சிரிப்பு வந்துவிட்டது.
"நாளைக்கு வர்றேன் பாய்."
மடித்து டேஷ்போர்டில் செருகினேன்,
போன வருட எப்.சி. ரசீதுக்கும்
சேர்வராயன் கோயில் விபூதிப் பொட்டலத்துக்கும் இடையே.

செவ்வாய்ப்பேட்டையில் மிளகு இறக்கிவிட்டு
காலிச் சாக்கும் நாலு மூட்டை சிமெண்டுமாக
அடிவாரம் தாண்டுகிறோம்.
பூபதி இடப்பக்கம், ஜன்னலுக்கு வெளியே பாதி ஆள்.
பக்கத்துப் பாறைக்கும் பக்கவாட்டுக் கண்ணாடிக்கும்
எத்தனை விரல் இடைவெளி என்று சொல்வது அவன் வேலை.
"வரட்டும்… வரட்டும்க்கா… நில்லு."

இருபதுக்கு ஒன்று.
இருபதுக்கு இரண்டு.
வளைவுக்கு வளைவு பலகையில் மார்க் போட்டிருக்கிறார்கள்.

போன ஐப்பசியில், இறங்கும்போது, ஒன்பதில்,
மஞ்சு இறங்கி ரோடே இல்லை.
கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கார்
ஹாரன் இல்லாமல் முளைத்தது.
நான் மிதித்த மிதியில்
பின்னாலிருந்த மூட்டைகள் முன்னால் வந்தன.
முகப்பு விளக்கு உடைந்தது.
பூபதியின் மணிக்கட்டும்.

விளக்குக்கு கிளைம் வந்தது.
அளவெடுத்து, போட்டோ பிடித்து,
பதினெட்டாம் நாள் புதுக் கண்ணாடி.
மணிக்கட்டுக்கு
பெரியாஸ்பத்திரி மாவுக்கட்டு,
ஐந்து வாரம் சம்பளமில்லை,
நான் கொடுத்த ஆயிரத்து இருநூறு.
அதையும் கடன் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.
நான் திருத்தவில்லை.

தாளில் இன்னொரு வரி இருந்தது, கிளீனருக்கு என்று.
அதற்குக் கட்டணம் என் வரியைவிட எவ்வளவோ கம்மி.
"அத யாரும் டிக் பண்றதில்ல,"
நான் கேட்காமலே சொல்லியிருந்தார் இதாயத்துல்லா.

ஏழு. எட்டு.
சிமெண்டுத் தூசி மணக்கிறது கேபினில்.
முதல் கியரில் வண்டி முனகுகிறது.
உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு என்கிறார்களே,
இரண்டு கையிலும் ஸ்டியரிங் இருக்கிறது எனக்கு.
அதை எங்காவது எழுதித்தான் வைக்க வேண்டும்.

"பூபதி, உன் பொறந்த தேதி என்ன?"
"ரேசன் கார்டுல ஜனவரி ஒண்ணு போட்டிருக்கும்."
"நெசமா என்னைக்கு?"
"மாரமங்கலத்துல எல்லாரும் ஜனவரி ஒண்ணுதான்க்கா.
எதுக்கு?"

ஒன்பது வந்துவிட்டது.
மேலே வெள்ளையாக எதுவோ நகர்கிறது,
பஸ்ஸோ, மஞ்சோ.

"பக்கத்துல பாரு," என்றேன்,
ஹாரனில் உள்ளங்கையை வைத்து
எடுக்காமல்.