கை மறக்கும் தண்ணீர்

சித்திரை பிறந்து எட்டாம் நாள்.
கானாடுகாத்தானில் காக்கை
குழாயடியில் வாய் பிளந்து நிற்கிற மதியம்.
ஓட்டலின் பின்கட்டில், மரப்பெட்டி ஒன்றுக்குள்
காசு கொடுத்து வெந்துகொண்டிருந்தார்கள் நாலு பேர்.
தலையில் கம்பளி.

குளிருக்குத்தானே அது என்றேன்,
துண்டு நீட்டிய கையோடு.
மார்யா அம்மாவுக்குத் தமிழ் பாதி, சைகை பாதி.
அனல் மேலே ஏறுமாம்.
முதலில் தலையைத்தான் பிடிக்குமாம்.
காது மடல் பொசுங்கும், முடி நாராகும்.
கம்பளி அதை வாசலிலேயே நிறுத்திவிடும்.
எனக்கு இந்த வீட்டுச் சுவர் நினைவு வந்தது:
ஒரு முழக் கனம்,
வெளியே அக்கினி, உள்ளே தரை சில்லென்று.
தலைக்கு ஒரு சுவர். சரி.

காது மறைய இழுக்க வேண்டும்.
புருவத்துக்கு ஒரு விரல் மேலே நிறுத்த வேண்டும்.
இறுக்கமாக இருந்தால் தொப்பி இல்லை, தலைவலி.

என் வேலை துணி.
அன்றைக்கு விரிப்பு நாற்பது, துண்டு எண்பது.
துண்டோடு துண்டாய் ஒரு சாம்பல் நிறத் தொப்பி
எந்திரத்துக்குள் போனதை யார் கண்டது?
அறுபது டிகிரி, முக்கால் மணி நேரம்.
கதவைத் திறந்தால்
கொட்டாங்கச்சி.

மேனேஜர் சோலையப்பன் போனில் விலை பார்த்தார்.
இரண்டாயிரத்து நானூறு.
மூன்று மாதம் பிடிப்பதாகச் சொல்லிவிட்டு,
பெரிய மனசு பண்ணி,
"தொப்பிய நீயே வச்சுக்க பஞ்சவர்ணம்" என்றார்.

மிச்சமிருந்த மூன்றையும் அதற்கப்புறம்
பச்சைப் பிள்ளை மாதிரிக் குளிப்பாட்டினேன்.
தண்ணீர் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது;
உள்ளே விட்ட கை
தண்ணீரில் இருப்பதை மறக்க வேண்டும்.
ஒரு ரூபாய் ஷாம்பில் பாதி.
தேய்க்காமல் அமுக்கி, அமுக்கி, விட்டு.
முறுக்கக் கூடாது
(இருபது வருஷம் முறுக்கிய மணிக்கட்டு,
நாலு நாள் தானாகத் திரும்பியது).
துண்டில் சுருட்டி மேலே முழங்காலை ஊன்றினால்
ஈரம் துண்டுக்கு மாறும்.
பிறகு கவிழ்த்த தூக்குச்சட்டியின் மேல்
தலை வைத்த மாதிரி மாட்டி, நிழலில்.
வெயில் எட்டிப் பார்த்தால் சட்டியோடு நகர்த்து.
எடுத்து வைக்கும்போது வேப்பஞ்சருகு;
பூச்சிக்கு ஆட்டு ரோமம் என்றால் விருந்து.

வீட்டுக்கு வந்த கொட்டாங்கச்சியை
யார் தலையும் ஏற்கவில்லை.
எனக்குக் கொண்டை தடுத்தது.
மகன் அணிலுக்குப் போடச் சொன்னான்.
அடைக்கலத்துக்குச் சுருட்டை முடி,
மேலே வைத்தால் குருவிக்கூடு.
கொஞ்ச நாள் அதில்தான்
சோற்றுப் பானையைப் பிடித்து இறக்கினேன்.
கை சுடவே இல்லை. அதையும் சொல்லணும்.

வைகாசி விசாகத்துக்குக் குன்றக்குடி.
என்ன வேண்டுதலோ, சொல்லவில்லை,
சந்தனம் பூசிய மொட்டையோடு இறங்கி வந்தார்.
விளையாட்டுக்குத்தான் எடுத்து மாட்டினேன்.
அளவெடுத்துத் தைத்த மாதிரி
காது வரைக்கும் இறங்கி உட்கார்ந்தது.

அன்று ராத்திரி காரைக்குடி பஸ் ஸ்டாண்டு எதிரே
பரோட்டாக் கல்லுக்கு முன்னால்
கம்பளித் தொப்பியோடு ஒரு மாஸ்டர்.
"அண்ணே, காஷ்மீர் டிக்கெட் கிடைச்சிருச்சா?"
அவர் பதில் சொல்லாமல் புரட்டிப் போட்டார்.

ஒரு மணிக்கு வீடு வருவார்,
மண்டை கொதிக்கக் கொதிக்க.
சோறு ஆறியிருந்தால் சண்டை, சுட்டால் சண்டை.
அன்றைக்குத் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.
மோரை ஊற்றிப் பிசைந்து
ஒரு சொல் இல்லாமல் சாப்பிட்டார்.
ஊறுகாய் நன்றாயிருக்கிறது என்றார்.
பன்னிரண்டு வருஷமாக அதே ஊறுகாய்.

சந்தனமும் டால்டாவும் ஆட்டு வாடையும் சேர்ந்த அதை
ஞாயிற்றுக்கிழமைதோறும் அலசுகிறேன்,
கை மறக்கும் தண்ணீரில்.

இரண்டாம் தவணை பிடித்த அன்று பார்த்தேன்:
முடி முளைத்து
தொப்பி ஒரு விரற்கடை மேலேறியிருந்தது.
"இன்னொரு மொட்டை போட்டுரலாமா?" என்கிறார்.
வேண்டுதலுக்குக் காரணம் வேண்டாமா என்றேன்.
யோசித்துச் சொல்வதாகச் சொல்லி
காதோரம் இழுத்துவிட்டுக்கொண்டு
வேலைக்குக் கிளம்பினார்.